விளையாட்டுத் துப்பாக்கியும் அதன் தீனியும்

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் ‘ஸ்போர்ட்டிங் ரைஃபிள்’ என்ற சொல் வந்தது. யோசிக்காமல் ‘விளையாட்டுத் துப்பாக்கி’ என்று எழுதிவிட்டேன். அடுத்த நிமிஷமே அடித்தேன். தமிழில் விளையாட்டுத் துப்பாக்கி என்றால் திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் சமாச்சாரம், அல்லது தீபாவளிக்கு ரோல் கேப் போட்டு வெடிக்கும் தகரத் துப்பாக்கி. சரி, ‘வேட்டைத் துப்பாக்கி’ என்று போடலாமா? அதை வைத்திருப்பவர்களில் பலர் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ‘போட்டித் துப்பாக்கி’? பாதி உண்மைதான். கடைசியில் ஸ்போர்ட்டிங் ரைஃபிள் என்றே விட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. மொழிபெயர்க்கவே முடியாமல் ஒரு பெயரடை அடம்பிடித்தால், அதற்குள் ஏதோ விவகாரம் இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் அமெரிக்காவில் இந்தத் துப்பாக்கிகளை வாங்குபவர்களுக்காக எழுதப்படும் வழிகாட்டிக் கட்டுரைகளைச் சில வாரங்கள் உட்கார்ந்து படித்தேன். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அச்சு. முதல் பகுதி: எதைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது: வாங்கியதை உங்களுக்கு ஏற்றபடி எப்படி மாற்றிக்கொள்வது. மூன்றாவது: அதற்கு எந்தத் தோட்டாவை ‘ஊட்டுவது’. ஆமாம், ஊட்டுவது. ஆங்கிலத்தில் துப்பாக்கிக்குத் தோட்டா போடுவதை, குழந்தைக்கும் மாட்டுக்கும் தீனி கொடுக்கிற அதே வினைச்சொல்லால்தான் சொல்கிறார்கள். நம்மிடம் ‘மருந்து கெட்டிப்பது’ உண்டு, ‘தோட்டா போடுவது’ உண்டு. தீனி போடுவது இல்லை.

இந்தக் கட்டுரை அந்த வகை எழுத்தைப் பற்றிய விமரிசனம். குறிப்பிட்ட ஒரு எழுத்தாளரைப் பற்றியது அல்ல. அவர்கள் சொல்வதில் நிறைய நல்ல விஷயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். சொல்லாமல் விடுவது ஒன்றே ஒன்று. என் வழக்கு அதன் மேல்தான்.

என் தகுதியையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டிருக்கிறேன். மண்ணில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு முறையும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மொத்தம் 5 தோட்டா. சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒரு தடவை ஒரு கூடு குறைந்துவிட்டது. பத்துப் பதினைந்து பேர் அரை மணி நேரம் புல்லை விலக்கித் தேடினோம். கிடைத்த பிறகுதான் வண்டி கிளம்பியது. அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் அந்த அரை மணி நேரம் இந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

இயந்திரம் என்ன செய்கிறது

அரைத்தானியங்கி என்றால் விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரே ஒரு குண்டு. ஆனால் அந்த வெடிப்பின் சக்தியிலேயே ஒரு பங்கைத் திருடி, காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து எடுத்து அறைக்குள் வைத்துவிடும். நான் கையால் செய்த போல்ட் வேலையை அது தானே செய்கிறது. விரலை அழுத்திக்கொண்டே இருந்தால் சுட்டுக்கொண்டே இருக்கும் ராணுவ முழுத்தானியங்கி வேறு. இந்த வேறுபாட்டைச் செய்தித்தாள்கள் அடிக்கடி குழப்பும். வழிகாட்டிக் கட்டுரைகள் அதைச் சுட்டிக்காட்டிக் கோபப்படும். அந்தக் கோபம் நியாயமானது.

இன்னொரு விஷயத்திலும் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. அரைத்தானியங்கி என்பது ராணுவத்திலிருந்து வேட்டைக்காரர் கைக்குக் கசிந்த ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் வரிசை தலைகீழ். வின்செஸ்டர் கம்பெனி 1903இலேயே .22 அளவில் ஒன்றை விற்றது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த ரெமிங்டன் 1906இல் வந்தது. மான் வேட்டைக்கானது, 5 தோட்டா கொள்ளும். அமெரிக்க ராணுவம் கரான்ட் ரைஃபிளைத் தன் பொதுத் துப்பாக்கியாக ஏற்றது 1936இல். அதாவது வேட்டைக்காரர் கையில் இருந்து 30 வருஷம் கழித்து.

அந்த 1903 வின்செஸ்டரில் ஒரு அழகான தகவல் இருக்கிறது. அந்தக் காலத்து .22 தோட்டாக்களில் பல கரும்மருந்து போட்டவை. கரும்மருந்து கரி கக்கும். தானாக இயங்கும் பொறியை நாலு சுடுதலில் அடைத்துவிடும். அதனால் வின்செஸ்டர் என்ன செய்தது? புகையில்லா மருந்து போட்ட தனித் தோட்டா ஒன்றை, சாதாரண .22 உள்ளே நுழையாத அளவில் செய்து, அதற்குத்தான் துப்பாக்கியை அமைத்தது. முதல் நாளிலிருந்தே இந்த வகைத் துப்பாக்கியின் பிரச்சினை சுடுவது அல்ல, தின்பது.

1964இல் வந்த இரண்டு

ஒரே வருஷம், 1964. அமெரிக்கச் சந்தைக்கு இரண்டு அரைத்தானியங்கிகள் வருகின்றன.

ஒன்று ரூகர் 10/22. பில் ரூகரின் கம்பெனி. .22 தோட்டா, 10 கொள்ளும், அதனால் அந்தப் பெயர். மரக்கட்டை உடல். பார்த்தால் தாத்தா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய துப்பாக்கி மாதிரி இருக்கும். தகர டப்பா, அணில், முயல், பிள்ளைகளுக்குப் பயிற்சி, இதற்கெல்லாம்.

இன்னொன்று கோல்ட் கம்பெனியின் ஏ.ஆர்.-15 ஸ்போர்ட்டர். ஏ.ஆர். என்பது ஆர்மலைட் ரைஃபிளின் சுருக்கம். கலிபோர்னியாவில் இருந்த ஆர்மலைட் என்ற சின்னக் கம்பெனியில் யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்தது. கோல்ட் 1959இல் உரிமையை வாங்கியது. ராணுவத்துக்கு எம்-16 ஆகப் போன அதே வடிவத்தின், முழுத்தானியங்கி வேலை செய்யாத பதிப்பு இது. கோல்ட் விளம்பரம் வேட்டைக்காரர்களையும் காட்டில் கூடாரம் போடுகிறவர்களையும் கூப்பிட்டது. மேகசின் கொள்ளளவு என்று அதில் போட்டிருந்தது 5.

இந்த 5ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1964இல் ‘ஸ்போர்ட்டர்’ என்ற பெயரோடு சேர்ந்து வந்த எண் அது. ராணுவக் குட்டியை வேட்டைக்காரரிடம் விற்கும்போது, அதை வேட்டைத் துப்பாக்கி ஆக்குவது அந்தச் சின்ன மேகசின்தான் என்று கோல்டுக்கே தோன்றியிருக்கிறது.

தேர்ந்தெடுப்பது

வழிகாட்டிகள் சிறப்பாக இருப்பது இந்தப் பகுதியில்தான். ‘எதற்காக வாங்குகிறீர்கள்?’ என்றுதான் ஆரம்பிக்கும். நல்ல கேள்வி. அப்புறம் பொறுமையாக விஷயத்தைச் சொல்லும். உதாரணத்துக்கு, குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளம். குண்டு பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டே போனால்தான் நேராகப் போகும். எவ்வளவு நீளமான குண்டோ அவ்வளவு வேகமான சுழற்சி வேண்டும். குண்டின் எடையை கிரெயின் கணக்கில் சொல்வார்கள், நம் ஊர்த் தட்டார்கள் குன்றிமணியில் தங்கம் நிறுத்தது போல. 55 கிரெயின் குண்டு மூன்றரை கிராம்தான். அதற்கு 12 அங்குலத்தில் ஒரு சுற்று போதும். நீளமான கனத்த குண்டுகளுக்கு 8 அங்குலத்திலோ 7 அங்குலத்திலோ ஒரு சுற்று வேண்டும். பொருந்தாமல் போட்டால் குண்டு தள்ளாடி, காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித் துவாரம் போல ஓட்டை போடும்.

அதே போல .223 ரெமிங்டன், 5.56 நேட்டோ என்ற இரண்டு தோட்டாக்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஆனால் துப்பாக்கி அறையின் முன்பகுதி அளவு வேறு. .223க்கு என்று வெட்டிய அறையில் 5.56 போட்டுச் சுட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். இதையெல்லாம் தெளிவாக, வாசகரை முட்டாளாக்காமல் எழுதுகிறார்கள். நம் ஊரில் ஒரு மிக்ஸி வாங்குவதற்குக்கூட இவ்வளவு நேர்மையான கட்டுரை கிடைக்காது.

ஆனால் ‘எதற்காக?’ என்ற கேள்விக்கு அவர்கள் தரும் பட்டியலைப் பாருங்கள்: வேட்டை, போட்டி, பொழுதுபோக்கு, வீட்டுப் பாதுகாப்பு. நாலும் ஒரே வரியில். இதில் நாலாவது எந்தக் கணக்கில் ‘ஸ்போர்ட்’ என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் சங்கம் 2009இல் ‘நவீன ஸ்போர்ட்டிங் ரைஃபிள்’ என்ற பெயரைப் பரப்ப ஆரம்பித்த பிறகு அந்தப் பெயரே பதிலாகிவிட்டது. ‘அசால்ட்’ என்று எதிர்த் தரப்பு வைத்த பெயருக்கு இது எதிர்ப்பெயர். இரண்டுமே பிரச்சாரப் பெயர்கள்தான். ஒன்று பயமுறுத்துகிறது, இன்னொன்று தாலாட்டுகிறது.

‘ஸ்போர்ட்டிங்’ என்பதை இப்படி அரசியல் தீர்மானிப்பது புதிதல்ல. இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கலகக்காரர்களிடம் ராணுவத் தோட்டா கிடைத்துவிடக்கூடாது என்று 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்கும் சூடானுக்கும் அனுப்புவதைத் தடுத்தது. உடனே லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475 என்று மயிரிழை வித்தியாசத்தில் புதுத் தோட்டாக்களைச் செய்து ராஜாக்களுக்கும் கலெக்டர்களுக்கும் விற்றார்கள். இன்றைக்கும் இந்தியாவில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சொல்லும் ‘.315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள்’ அந்த வகைதான். ராணுவத்தின் .303 மக்களுக்குக் கூடாது என்பதால் வழக்கத்துக்கு வந்த அளவு. புலிக்கும் மானுக்கும் எது நல்லது என்று பார்த்து வந்த பெயர் அல்ல. அரசாங்கம் எதற்குப் பயந்தது என்பதிலிருந்து வந்த பெயர்.

மாற்றிக்கொள்வது

10/22இன் குழல் உடலோடு திருகி இறுக்கப்பட்டது அல்ல. ஒரு சின்ன இரும்புத் துண்டும் இரண்டு திருகாணியும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டு மேஜையிலேயே கழற்றி வேறு குழல் மாட்டலாம். இந்த இரண்டு திருகாணியால் ஒரு தனிச் சந்தையே உருவாகிவிட்டது. கனத்த குழல், மென்மையான விசை, வண்ண வண்ணமான உடல். கடைசியில் ரூகர் செய்த பாகம் ஒன்றுகூட மிஞ்சாத ‘ரூகர்’கள் உண்டு.

ஏ.ஆர்.-15இல் கதை இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அந்தத் துப்பாக்கியின் கீழ்ப்பகுதி உடல் ஒன்றுதான் ‘துப்பாக்கி’. வரிசை எண் அதில்தான். மற்றதெல்லாம் உதிரிப் பாகம், சைக்கிள் கடையில் பெடல் வாங்குவது போல வாங்கிக்கொள்ளலாம். ஸ்டோனரின் காப்புரிமை 1977இல் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆயிற்று.

இதில் நல்லதும் இருக்கிறது. பின்கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிவதால் குள்ளமானவரும் உயரமானவரும் ஒரே துப்பாக்கியைச் சரியாகத் தோளில் வைக்கலாம். சரியாகப் பொருந்திய துப்பாக்கி பாதுகாப்பானதும்கூட. எதிர்த் தரப்புச் சட்டங்கள் இதைப் புரிந்துகொள்ளவில்லை. 1994 செப்டம்பரில் வந்து 2004 செப்டம்பரில் காலாவதியான அமெரிக்கத் தடைச் சட்டம், துப்பாக்கியின் மேல் உள்ள அடையாளங்களை எண்ணியது. கழற்றக்கூடிய மேகசினோடு, மடங்கும் பின்கட்டை, கைத்துப்பாக்கி போன்ற பிடி, துப்பாக்கிக்கத்தி மாட்டும் கொக்கி, தீப்பொறி மறைப்பான் இவற்றில் இரண்டு இருந்தால் தடை. கம்பெனிகள் கொக்கியையும் மறைப்பானையும் வெட்டி எறிந்துவிட்டு, அதே துப்பாக்கியை மறுபடி விற்றன. துப்பாக்கிக்கத்தியால் எந்த அமெரிக்க ஊரில் யார் குத்துப்பட்டார்கள்? வேஷத்தைத் தடை செய்தார்கள், நடிகர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இங்கே இரு தரப்பும் சேர்ந்தே தோற்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. வழிகாட்டிகள் ‘இது வெறும் தோற்றம்தானே’ என்கிறார்கள். சட்டம் தோற்றத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. சண்டை பெரும்பாலும் உடையைப் பற்றி. வயிற்றைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய்விடுகிறது.

சில மாற்றங்கள் மட்டும் தோற்றம் அல்ல. 2017 அக்டோபர் 1ஆம் தேதி லாஸ் வேகஸில் ஓட்டல் ஜன்னலிலிருந்து ஒருவன் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தைச் சுமார் பத்து நிமிஷம் சுட்டான். 1,000க்கும் அதிகமான தோட்டாக்கள். 60 பேர் இறந்தார்கள். அவன் துப்பாக்கிகளில் ‘பம்ப் ஸ்டாக்’ என்ற கடைச்சரக்கு மாட்டியிருந்தது; துப்பாக்கியின் உதைப்பையே பயன்படுத்தி விசையை வேகவேகமாக அடிக்க வைப்பது. அடுத்த வருஷம் அரசு அதைத் தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அந்தத் தடை செல்லாது என்றது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியாகத்தான் இயங்குகிறது, ஆகவே சட்டப்படி இது இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்பது வாதம். இலக்கணம் சரி. ஆனால் கீழே மைதானத்தில் நின்றவர்களுக்கு அந்த இலக்கணத்தால் ஒரு பயனும் இல்லை.

தீனி

மூன்றாவது பகுதிதான் எனக்குச் சுவாரசியமானது. எழுத்தும் இங்கேதான் கொஞ்சம் நெகிழ்கிறது. ‘ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு ருசி உண்டு. நாலு கம்பெனித் தோட்டா வாங்கி, எது அதற்குப் பிடிக்கிறது என்று பாருங்கள்’ என்பார்கள். புது மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று மாமியார் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிற மாதிரி. இது வெறும் கொஞ்சல் அல்ல, பொறியியல். தோட்டாவின் சக்தியால்தான் பொறி இயங்குகிறது. சத்தம் குறைந்த பலவீனமான .22 போட்டால் குண்டு போகும், ஆனால் போல்ட் முழுசாகப் பின்வாங்காது, அடுத்த தோட்டா ஏறாது. தீனி சரியில்லை என்றால் மாடு நடக்காது.

.22 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அடுக்கி வைத்தால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். ரூகர் இதற்குக் கண்ட வழி, ராட்டினம் போலச் சுற்றும் மேகசின். ஒவ்வொரு தோட்டாவும் தனித் தொட்டிலில் உட்கார்ந்து முறை வரும்போது மேலே வரும். துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. 10 தோட்டா. என் கண்ணுக்கு, இந்தத் துறையில் நான் பார்த்த மிக அழகான பொருள் இதுதான்.

தீனி மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய பாடம் வியட்நாம். எம்-16 முதலில் சோதிக்கப்பட்டது குச்சி வடிவத் துகள் கொண்ட ஒரு வெடிமருந்தை வைத்து. பிறகு ராணுவம் உருண்டைத் துகள் மருந்துக்கு மாறியது. அதில் துப்பாக்கி அதிக வேகத்தில் ஓடியது, அதிகம் அழுக்கும் பிடித்தது. போதாக்குறைக்கு, சுத்தம் செய்யவே தேவையில்லாத துப்பாக்கி என்று ஒரு பேச்சு. துடைக்கும் சாமான்கூடப் பலருக்குக் கிடைக்கவில்லை. 1966, 67இல் காலிக் கூடு அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ள, சிப்பாய்கள் சண்டைக்கு நடுவே செத்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு இதை விசாரித்து ராணுவத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஜேம்ஸ் ஃபாலோஸ் 1981இல் ‘அட்லாண்டிக்’ இதழில் இதை எழுதினார். துப்பாக்கியைப் பற்றி எழுதுவது எப்படி என்பதற்கு நான் காட்டும் உதாரணம் அதுதான். இயந்திரத்தின் பிழையைச் சொல்லி, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார்.

வழிகாட்டிகள் தீனியைப் பற்றி எல்லாமும் சொல்கின்றன. எது, எவ்வளவு சுத்தம், எந்த விலை, எப்படிச் சேமிப்பது. .22 தோட்டாவில் 500 சேர்ந்தால் அதற்கு ‘செங்கல்’ என்று பெயர். இரண்டு செங்கல் வாங்கி வையுங்கள் என்பார்கள். மேகசினும் அப்படித்தான்: 30 கொள்வதே சாதாரணம், ஏழெட்டு வாங்கி வையுங்கள். சொல்லாதது ஒன்றுதான். எவ்வளவு போதும்?

அளவு

ஸ்போர்ட் என்றால் என்ன? நமக்கு நாமே ஒரு எல்லை போட்டுக்கொண்டு அதற்குள் ஜெயிக்கப் பார்ப்பது. கபடியில் மூச்சு விடக்கூடாது என்பதுதான் ஆட்டம். மூச்சு விடலாம் என்று சொல்லிவிட்டால் அது வெறும் பிடிச்சண்டை. வேட்டைக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் 1935இலிருந்து, வலசை போகும் வாத்தைச் சுடப் போகிறவரின் துப்பாக்கியில் 3 தோட்டாவுக்கு மேல் இருக்கக்கூடாது. அதிகம் கொள்ளும் துப்பாக்கி என்றால் உள்ளே ஒரு கட்டையைச் செருகி அடைக்க வேண்டும். வேட்டைக்காரர்கள் இதைத் தங்கள் மரபு என்று பெருமையாகவே சொல்கிறார்கள்.

இன்னும் நல்ல உதாரணம் ஓஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி. 1907இலிருந்து அங்கே தேசியப் போட்டி நடக்கிறது. ஏ.ஆர்.-15 அங்கே உண்மையிலேயே விளையாட்டுத் துப்பாக்கி. அதில் சந்தேகமே வேண்டாம். 600 கெஜத் தூரத்துக்குப் பலர் 80 கிரெயின் குண்டைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் குண்டை வைத்துக் கட்டிய தோட்டா மேகசினுக்குள் நுழையாது, அவ்வளவு நீளம். அதனால் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். யோசித்துப் பாருங்கள். இந்தத் துப்பாக்கி தன் உச்சகட்ட விளையாட்டை ஆடும்போது, அதன் தீனிப் பொறி சும்மா இருக்கிறது. என்.சி.சி. மைதானத்தில் நான் செய்ததைத்தான் அந்தச் சாம்பியனும் செய்கிறார்: ஒரு தோட்டா, ஒரு மூச்சு.

அந்தப் போட்டியைப் பாராட்டும் அதே கட்டுரை, அடுத்த பத்தியில் 60 தோட்டா மேகசினுக்கு மதிப்பெண் போடுகிறது. இரண்டையும் ‘ஸ்போர்ட்’ என்ற ஒரே சொல்தான் தூக்கிச் சுமக்கிறது.

அளவைப் பற்றி ஒருவர் பேசினார், அவர் பட்ட பாடும் கதைதான். 1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் ஊரில் ஒரு பள்ளி மைதானத்தில் ஒருவன் சுட்டதில் 5 குழந்தைகள் இறந்தார்கள். கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். நாடு கொந்தளித்தது. இரண்டு மாதம் கழித்து, 10/22ஐச் செய்த அதே பில் ரூகர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். துப்பாக்கி வகைகளைத் தடை செய்யாதீர்கள், 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினைக் கட்டுப்படுத்துங்கள் என்றார். துப்பாக்கிக்காரர்கள் அவரைத் துரோகி என்றார்கள். தன் சரக்கைக் காப்பாற்றத்தான் எழுதினார் என்றார்கள். இருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கி செய்த மனிதருக்கு, அதன் எந்தப் பாகம் என்ன செய்யும் என்று தெரியாதா? 2002இல் அவர் இறந்தார். அதற்கப்புறம் அவர் கம்பெனியே 10/22க்கு 25 தோட்டா மேகசினைச் செய்து விற்க ஆரம்பித்தது. அந்த அழகான ராட்டினத்தின் இடத்தில், வளைந்து வெளியே நீட்டும் ஒரு வாழைப்பழம்.

அரசாங்கமும் மெதுவாக அதே இடத்துக்குத்தான் வந்தது. 1968 சட்டம் ‘ஸ்போர்ட்டிங் பயன்பாட்டுக்கு’ ஏற்ற துப்பாக்கியை மட்டும் இறக்குமதி செய்யலாம் என்றது. ஸ்டாக்டனுக்குப் பிறகு 1989இல் 43 வகைகளைத் தடுத்தபோது ராணுவ அம்சங்களின் நீண்ட பட்டியல் போட்டார்கள். 1998இல் மறுபடி ஆராய்ந்தபோது கேள்வி சுருங்கியிருந்தது: ராணுவத்துக்காகச் செய்த பெரிய மேகசினை இது ஏற்குமா? ஏற்றால் ஸ்போர்ட்டிங் அல்ல.

அந்த எல்லை எங்கே போய் உடையும் என்பதை நியூசிலாந்து காட்டியது. அங்கே அப்போது சாதாரண லைசென்ஸில் 7 தோட்டா மேகசினோடு ஒரு ஏ.ஆர். வகை அரைத்தானியங்கியை வாங்க முடிந்தது. அதிலேயே பெரிய மேகசினை மாட்டினால், சட்டப்படி அது வேறு பிரிவு, சிறப்பு அனுமதி வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பெரிய மேகசினைக் கடையில் வாங்க எந்த லைசென்ஸும் வேண்டியிருக்கவில்லை! 2019 மார்ச் 15, கிரைஸ்ட்சர்ச். இரண்டு மசூதிகளில் 51 பேர். கொலைகாரன் வைத்திருந்தது சாதாரண லைசென்ஸ்தான். அடுத்த மாதமே 119க்கு 1 என்ற வாக்கில் நாடாளுமன்றம் பெரும்பாலான அரைத்தானியங்கிகளைத் தடை செய்தது. எதை விட்டுவைத்தது தெரியுமா? 10 தோட்டாவுக்கு மேற்படாத .22ஐ. கிட்டத்தட்ட 1964இன் 10/22.

மறுப்புகள்

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது மூன்று மறுப்பு சொன்னார். மூன்றும் வலுவானவைதான்.

ஒன்று: அமெரிக்கக் கொலைகளில் பெரும்பான்மை கைத்துப்பாக்கியால் நடக்கிறது, ரைஃபிளால் அல்ல. உண்மை. இந்தக் கட்டுரை அமெரிக்கக் கொலைகளுக்குத் தீர்வு சொல்லவில்லை. ஒரு வகை எழுத்து எதை மறைக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

இரண்டு: டெக்சாஸில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து விளைச்சலை அழிக்கின்றன, 5 தோட்டா என்ன செய்யும்? உண்மை. நம் ஊர் மலையடிவார விவசாயிக்கும் அந்த வலி தெரியும். ஆனால் அது பயிர்க் காவல். ஸ்போர்ட் என்ற பெயர் அதற்குத் தேவையே இல்லை.

மூன்று: மேகசினை இரண்டு வினாடியில் மாற்றிவிடலாம், 10 என்றால் என்ன 30 என்றால் என்ன? இதற்கு மட்டும் எனக்கு எளிய பதில் உண்டு. வித்தியாசம் இல்லை என்றால் 30க்கு ஏன் இவ்வளவு மதிப்பெண் போடுகிறீர்கள்? வாங்கச் சொல்லும்போது பெரிய மேகசின் முக்கியம், கேள்வி வரும்போது மட்டும் அது ஒன்றுமில்லை என்றால் கணக்கு இடிக்கிறதே.

சரி, அந்த மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். கடைசியில் பெயரடையை எடுத்துவிட்டு, ‘10 தோட்டா கொள்ளும் .22 அரைத்தானியங்கி ரைஃபிள்’ என்று எழுதிக் கொடுத்தேன். நீளம்தான். மூலத்தில் எண்ணிக்கை இல்லையே, நீங்களாகச் சேர்த்தீர்களா என்று கேட்டார்கள். மூலத்தோடு இருந்த படத்தில் துப்பாக்கியின் வயிற்றுக்குக் கீழே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்த ராட்டினம்தான் உள்ளே இருக்கிறது என்று விளக்கினேன். ஒத்துக்கொண்டார்கள்.